உதிரம் ஓடும் வழி
கருவில் இரத்தநாளங்கள் வளரும் முறையும் அதை அறிந்த வரலாறும்

'உதிரம்' என்ற சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. கர்ப்பிணிப் பெண்ணுக்கு உதிரப்போக்கு என்று கேட்டால் வீடே பதறிப் போகும். குருதி, செந்நீர் என்று வேறு சொற்களும் நம்மிடம் உண்டு. உதிரம் என்பது 'ருதிரம்' என்னும் வடசொல் தமிழில் ஏற்ற வடிவம் என்பர். அதே ருதிரம் இன்று உலக உயிரியல் ஆய்வேடுகளில் ஒரு மரபணுவின் பெயராக வழங்கி வருகிறது. அந்தப் பெயரைச் சூட்டியது நம்ம பெங்களூரில், ஜக்கூரில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடம். ஹெப்பாளிலும் எலகங்காவிலும் குடியிருக்கும் நம்மவர்கள் அந்த வழியாகத்தான் தினமும் போய் வருகிறோம். ஆனால் உள்ளே நடப்பது பலருக்கும் தெரியாது.

தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது இரத்தநாளங்கள் எப்படி வளர்கின்றன? எங்கே கிளைக்க வேண்டும், எவ்வளவு வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? இக்கேள்விகளுக்கு விடை தேடிய வரலாறு சுமார் 2,300 ஆண்டு நீளமுடையது. அந்த வரலாற்றில் பெங்களூருக்கும் சென்னைக்கும் உரிய இடத்தைக் காட்டுவதும், அது நம் வீட்டுப் பெண்களின் பேறுகாலத்தோடு எப்படித் தொடர்புடையது என்பதைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முட்டைக்குள் துடித்த புள்ளி

தாயின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வழியில்லாத காலத்தில் அறிஞர்களுக்குக் கைகொடுத்தது கோழி முட்டை. அடைகாக்க 21 நாள். நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்த்தால் கரு வளரும் படிகள் வரிசையாகத் தெரிந்துவிடும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதைத்தான் செய்தார். மூன்று நாள் கழிந்ததும் வெள்ளைக்கருவில் சிவப்பாக ஒரு புள்ளி துடிப்பதையும், அதிலிருந்து இரத்தக் குழாய்கள் கிளம்புவதையும் அவர் எழுதி வைத்தார்.

நம் நாட்டிலும் இதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்திருக்கிறது. கருவில் முதலில் தோன்றுவது எந்த உறுப்பு என்பதில் முனிவர்கள் வேறுபட்டதைச் சுசுருத சம்ஹிதை தொகுத்துச் சொல்கிறது. தலை என்றார் ஒருவர், இதயம் என்றார் ஒருவர், கொப்பூழ் என்றார் இன்னொருவர். எல்லாம் ஒரே நேரத்தில்தான் தோன்றுகின்றன, மிகச் சிறியவையாக இருப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை என்பது தன்வந்திரியின் தீர்ப்பு. இன்றைய அறிவியல் சொல்வது என்னவென்றால், கருவில் முதன்முதலாக வேலை செய்யத் தொடங்குவது இதயமும் நாளங்களும் சேர்ந்த இரத்த ஓட்ட மண்டலமே. மனிதக் கருவில் ஏறக்குறைய 22-ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது கருவின் நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அந்நேரம் தெரிந்திருக்காது. இந்தச் செய்தியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-இல் நிறுவிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வியும் கோழிக் கருவைப் பார்த்தவர்தான். ஓட்டை நீக்கி, வெதுவெதுப்பான தெளிந்த நீரில் முட்டையை இட்டுப் பார்த்தபோது, ஊசி முனை அளவே உள்ள சிவப்புப் புள்ளி சுருங்கும்போது மறைந்தும் விரியும்போது தோன்றியும் துடித்ததை அவர் வியப்போடு விவரிக்கிறார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை அவர் காணவில்லை. அந்த நுண்நாளங்களை 1661-இல் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாகக் கண்டவர் இத்தாலியரான மால்பிகி. பின்னர் கோழிக் கருவின் நாளங்களை அழகாகப் படம் வரைந்து கொடுத்தவரும் அவரே.

விழித்திருந்து பார்த்த அம்மையார்

நாளங்கள் இருக்கின்றன என்பது தெரிந்தது. அவை எதிலிருந்து பிறக்கின்றன என்பது தெரிய மேலும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரான முதல் பெண்மணி ஃபுளோரன்ஸ் சேபின். இரண்டாம் நாள் கோழிக் கருவை எடுத்து ஒரு துளி திரவத்தில் உயிரோடு தொங்கவிட்டு, சூடு குறையாமல் காத்து, நுண்ணோக்கி முன்னே இரவு முழுவதும் விழித்திருந்தார். தனித்தனியாகக் கிடந்த செல்கள் ஒன்றுகூடித் திட்டுகளாவதையும், திட்டின் நடு கரைந்து குழாயாவதையும், உள்ளிருந்த செல்கள் இரத்த அணுக்களாவதையும், கடைசியில் இதயம் முதல் துடிப்பைத் துடிப்பதையும் கண்ணாரக் கண்டார். இவ்வாய்வுகள் 1917 முதல் 1920 வரை வெளிவந்தன.

இதற்கு முன்பே, 1893-இல், ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் தோமா இன்னொன்றைக் கண்டிருந்தார். கோழிக் கருவில் முதலில் தோன்றுவது வலை போன்ற ஓர் அமைப்பு. அதில் இரத்தம் வேகமாக ஓடும் குழாய் அகலமாகிறது. ஓட்டம் குறைந்த குழாய் சுருங்கி மறைகிறது. பெங்களூர்வாசிகளுக்கு இதை விளக்குவது சுலபம். புது லேஅவுட் போடும்போது எல்லாத் தெருவும் ஒரே அகலம்தான். நாளாக ஆக, வண்டி அதிகம் போகிற தெரு 'மெயின்' ஆகிறது, மற்றவை 'கிராஸ்' என்று நின்றுவிடுகின்றன. கருவிலும் அப்படியே, ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கருவில், ஆள் நடமாட்டம் இல்லாத தெரு அடியோடு அழிக்கப்படும்.

ஆக, இரண்டு கட்டங்கள். முதலில் தனிச் செல்கள் கூடி வலை பின்னுதல். பிறகு அந்த வலை கிளைத்தும் ஒடுங்கியும் திருந்தித் தமனி, சிரை, நுண்நாளம் என்று ஒழுங்குபடுதல். இரண்டாம் கட்டம் பிசகினால் கரு பிழைக்காது. இதை மீண்டும் ஜக்கூரில் சந்திப்போம்.

அளவு என்னும் சட்டம்

வளரச் சொல்வது எது? ஒரு திசு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு தடிமனைத் தாண்டினாலே ஆக்சிஜன் ஊறிச் சென்று உள்ளே சேர முடியாது. மூச்சு முட்டும் செல்கள் 'இங்கே குழாய் வேண்டும்' என்று ஒரு புரதத்தைச் சுரந்து கேட்கின்றன. காவிரித் தண்ணீர்க் குழாய் வராத பகுதி மக்கள் மனுப் போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த மனுதான் வி.ஈ.ஜி.எஃப் என்னும் புரதம். நாளங்களைக் கசியச் செய்யும் பொருளாக 1983-இல் ஹார்வர்டில் டுவோராக் குழுவினர் இதைக் கண்டனர். நாளங்களை வளர்க்கும் பொருளாக 1989-இல் கலிஃபோர்னியாவில் ஃபெராரா குழுவினர் பிரித்தெடுத்தனர். இரண்டும் ஒன்றே என்று பின்னால் தெரிந்தது. ஆக்சிஜன் குறைவைச் செல்கள் உணரும் முறையைக் கண்டதற்காக செமென்சா, கேலின், ராட்கிளிஃப் ஆகிய மூவருக்கு 2019-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

மனு வந்ததும் நாளச் சுவரின் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டால் குழப்பம்தானே! ஒரு செல் மட்டும் முன்னே விரல் போன்ற நீட்சிகளை நீட்டி, புரதம் வரும் திசையைத் துழாவிச் செல்கிறது. இதை நுனிச் செல் என்பர். அது பக்கத்துச் செல்களுக்கு 'நான் போகிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள்' என்று சமிக்ஞை தருகிறது. பின்வரும் செல்கள் பெருகிக் குழாயாக நீள்கின்றன.

இங்கேதான் இக்கட்டுரையின் நடுநாயகமான செய்தி வருகிறது. பெரும்பாலான மரபணுக்கள் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு படிகளாக நமக்கு வருகின்றன. ஒரு படி கெட்டாலும் மற்றொன்று சமாளித்துவிடுவதே பெரும்பாலும் வழக்கம். 1996-இல் பெல்ஜியத்தின் கார்மிலியட் குழுவினரும் ஃபெராரா குழுவினரும் எலிக் கருவில் வி.ஈ.ஜி.எஃப் மரபணுவின் ஒரே ஒரு படியை மட்டும் நீக்கிப் பார்த்தனர். மற்றொரு படி நன்றாக இருந்தும், கருக்கள் பதினோராம் நாள் வாக்கில் நாளங்கள் சரிவர அமையாமல் மடிந்தன. சரி, அதிகமாகக் கொடுத்தால் நல்லதா? 2000-இல் கனடாவில் அதையும் பார்த்தார்கள். அளவு இரண்டு, மூன்று மடங்கு ஆனபோதே இதயம் பழுதாகி, 12 முதல் 14 நாளுக்குள் கருக்கள் மடிந்தன.

பாதியானாலும் சாவு, இரு மடங்கானாலும் சாவு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. இந்த அளவைக் காக்க உடலே ஒரு தடையையும் வைத்திருக்கிறது. வி.ஈ.ஜி.எஃப்-ஐப் பற்றிப் பிடித்து அடக்கும் எஃப்.எல்.டி-1 என்ற புரதம் அது. 1995-இல் அந்தத் தடையை நீக்கிய எலிக் கருக்களில் நாளச் செல்கள் கட்டுக்கடங்காமல் குவிந்து, ஒழுங்கான குழாயாக மாறாமல், கரு அழிந்தது. முடுக்கியும் தடையும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்பதே கருவின் உயிர்.

ஜக்கூரில் ருதிரா

1989-இல் சி.என்.ஆர். ராவ் அவர்களை முதல் தலைவராகக் கொண்டு தொடங்கப்பட்டது ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம். அங்கே பேராசிரியர் மனீஷா இனாம்தாரின் குழு, கருவின் குருத்தணுக்கள் எவ்வாறு இரத்தமாகவும் நாளமாகவும் மாறுகின்றன என்பதை ஆராய்ந்தது. எலியின் குருத்தணுக்களில் அதுவரை செயல் அறியப்படாத மரபணுக்கள் கிடைத்தபோது, அவற்றுக்கு இந்நாட்டுப் பெயர்களையே வைத்தார்கள். 2003-இல் வெளியிட்ட ஒன்றுக்கு 'அஸ்ரிஜ்'. அதுவும் இரத்தத்தைக் குறிக்கும் வடசொல்தான். மற்றொன்று 'ருதிரா'.

மனிதரிடம் இதற்கு இணையான மரபணுவின் பெயர் பி.சி.ஏ.எஸ்-3. மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் அளவுக்கு மீறிப் பெருகிக் கிடந்ததால் 2002-இல் கண்ணில் பட்ட மரபணு அது. 2007-இல் இனாம்தார் குழுவினர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களோடு சேர்ந்து, மனிதக் குருத்தணுக்களிலும் மூளைக் கட்டிகளிலும் இப்புரதத்தை ஆராய்ந்தனர். கருவில் நாளம் வளர்க்கப் பயன்படும் கருவிகளைப் புற்றுநோய்க் கட்டி தனக்காகத் திருடிக்கொள்கிறது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. கட்டி வளர நாளம் வேண்டும், நாளத்தைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் 1971-இலேயே சொல்லியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ருதிரா செய்யும் வேலை என்ன? 2012-இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எலும்புக்கூடு போல நுண்ணிழைகள் உண்டு. நாளச் செல் நகரும்போது அந்த இழைகளைத் திசை பார்த்து அடுக்குவதில் ருதிரா துணை நிற்கிறது. ருதிரா குறைந்தால் செல்லுக்கு முன் எது, பின் எது என்ற தெளிவு போய்விடுகிறது; நகர்ந்தாலும் வழி தவறி அலைகிறது. மனுவைப் படித்தும் எந்தப் பக்கம் குழி தோண்டுவது என்று தெரியாமல் நிற்கும் ஒப்பந்தக்காரர் நிலைதான்!

2018-இல் இதே குழுவினர் ருதிரா இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தனர். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கே. விஜயராகவனும் ஜப்பானிய ஆய்வாளர்களும் இதில் பங்கு பெற்றனர். அந்தக் கருக்கள் கர்ப்பத்தின் நடுக்கட்டத்தில் மடிந்தன. நாளச் செல்களில் மட்டும் ருதிராவை நீக்கியபோதும் கருக்கள் பிழைக்கவில்லை. நாளங்கள் பிறக்கத்தான் செய்தன. தோமா கண்ட அந்த இரண்டாம் கட்டம், அதாவது வலை திருந்தி ஒழுங்குபடுதல், கோணிப் போயிற்று. வி.ஈ.ஜி.எஃப் 'எவ்வளவு' என்ற கேள்விக்கு விடை என்றால், ருதிரா 'எந்தப் பக்கம்' என்ற கேள்விக்கு விடையில் ஒரு பங்கு.

எலிக்கு உண்மையானது மனிதருக்கு அப்படியே உண்மை ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த மரபணுவின் இரு படிகளும் பழுதான மனிதர்கள் சிலரைப் பற்றிய செய்தி 2021-இல் வெளியாயிற்று. அவர்கள் கருவிலேயே மடியவில்லை, பிறந்து வளர்ந்தனர். ஆனால் மூளை வளர்ச்சியில் கடுமையான குறைபாடுகள் இருந்தன. எலியில் நாளத்தைக் காட்டிய மரபணு மனிதரில் மூளையைக் காட்டுகிறது. இரண்டையும் இணைக்கும் கண்ணி இனிமேல் ஆராயப்பட வேண்டியது.

குரோம்பேட்டையில் கோழி முட்டை

அளவு கெட்டால் என்ன ஆகும் என்பதை மனித குலம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. ஆபத்தில்லாத மருந்து என்ற நம்பிக்கையில், மசக்கைக்கு என்று கர்ப்பிணிகளும் சாப்பிட்டனர். 1961-இன் இறுதியில் அங்கே மருந்து திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளிலுமாக ஏறத்தாழ 10,000 குழந்தைகள் கைகால் வளராமலும் வேறு ஊனங்களோடும் பிறந்துவிட்டனர். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி 'சான்று போதாது' என்று அனுமதி மறுத்ததால் அந்நாடு பெரும்பாலும் தப்பியது.

ஏன் கைகால்? 1994-இல் ஃபோக்மன் ஆய்வுக்கூடம், தாலிடோமைடு புதிய நாளங்கள் வளர்வதைத் தடுக்கிறது என்று காட்டியது. 2009-இல் ஸ்காட்லாந்தில் கோழிக் கருவில் செய்த ஆய்வு, கைகால் மொட்டு விடும் நேரத்தில் அங்குள்ள இளம் நாளங்கள் அழிவதே ஊனத்துக்குக் காரணம் என்றது. இதயம் துடிக்கத் தொடங்கும் நாளைப் பற்றி முன்பு சொன்னதை இங்கே நினைவுகூர வேண்டும். அந்த ஆபத்தான சில வாரங்கள், கரு உண்டாயிருப்பது தெரியவரும் முன்னரே தொடங்கிவிடுகின்றன.

இதன் அடுத்த அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்தில் சுப்ரோ சாட்டர்ஜியின் குழுவினர், அரிஸ்டாட்டில் எடுத்த அதே கோழி முட்டையைக் கையில் எடுத்தனர். நாளச் செல்கள் தாமே சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு நாளங்களைத் தளர்த்துவதோடு வளரவும் தூண்டுகிறது. தாலிடோமைடு பட்ட கருவுக்கு அதைக் கொடுத்தால் என்ன என்று பார்த்தனர். கோழிக் கருக்களில் ஊனங்கள் 94 சதவீதமும், வரிக்குதிரை மீன் கருக்களில் 80 சதவீதமும் குறைந்தன என்று 2012-இல் வெளியிட்டனர். இது மனிதருக்கான மாற்று மருந்து ஆகிவிடவில்லை. ஆனால் நாளத்தைக் காப்பாற்றினால் உறுப்பைக் காப்பாற்றலாம் என்ற உண்மை இதனால் உறுதிப்பட்டது. தாலிடோமைடு இன்றும் சில வகைத் தொழுநோய் எதிர்வினைக்கும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் கடும் கட்டுப்பாட்டோடு தரப்படுவதால் இந்த ஆய்வுக்கு மதிப்பு உண்டு.

தாயின் பக்கம்

கருவின் நாளங்கள் தனியே நிற்பதில்லை. தொப்புள்கொடியின் இரண்டு தமனியும் ஒரு சிரையும் நஞ்சுக்கொடியோடு இணைந்து, தாயின் இரத்தத்தின் அருகே போய் நிற்கின்றன. அங்கும் அளவே சட்டம். இருபது வாரத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போய், வலிப்பு வரை கொண்டுபோய்விடும் கர்ப்பகால நோய் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 'கை கால் நீர் கோத்துக்கிட்டா சரியாப் போயிடும்' என்று விட்டுவிட்டு இழந்தவர்கள் உண்டு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பாஸ்டனில் பணியாற்றிய மருத்துவர் அனந்த் கருமாஞ்சியின் குழு 2003-இல் இதன் காரணத்தில் பெரும்பகுதியைக் கண்டது. முன்பு சொன்ன எஃப்.எல்.டி-1 என்ற தடைப் புரதம், கரையக்கூடிய வடிவில் நஞ்சுக்கொடியிலிருந்து அளவுக்கு மீறித் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. அது தாயின் வி.ஈ.ஜி.எஃப்-ஐப் பிடித்து அடக்கிவிட, சிறுநீரகத்திலும் மற்ற இடங்களிலும் நாளச் சுவர்கள் பழுதாகின்றன. இந்தத் தடைப் புரதத்துக்கும் நஞ்சுக்கொடியின் வளர்ச்சிப் புரதத்துக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனைக்கு 2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. நோய் இரண்டு வாரத்துக்குள் கடுமையாகுமா என்று முன்கூட்டி அறிய இது உதவுகிறது.

நிறைவாக

துடிக்கும் புள்ளியில் தொடங்கிய தேடல், அளவையும் திசையையும் தீர்மானிக்கும் புரதங்கள் வரை வந்திருக்கிறது. முட்டை, எலி, மீன், மனிதர் என எங்கு பார்த்தாலும் கிடைத்த பாடம் ஒன்றே: நாளம் வளர்வது மட்டும் போதாது, உரிய நேரத்தில், உரிய இடத்தில், உரிய அளவில் வளர வேண்டும். வெளியிலிருந்து நாம் கொடுக்கும் ஒரு மாத்திரைகூட அந்த அளவைக் கலைத்துவிடலாம். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், நாள் தள்ளிப் போகும் முன்பிருந்தே, மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு பரிசோதனையிலும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கப்பட்டனவா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரை விட்டு வந்து, பக்கத்தில் அம்மாவோ அத்தையோ இல்லாமல் பிள்ளை பெறும் நம் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய கடமை நம் எல்லோருக்கும் உண்டு.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இந்த வரலாற்றின் ஒரு பகுதி ஜக்கூரிலும் ஒரு பகுதி குரோம்பேட்டையிலும் எழுதப்பட்டிருக்கிறது. ருதிரா இன்னும் விடை சொல்லாத கேள்விகள் பல. அவற்றை எடுத்துக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான்.